வியட்நாம் ஃபோ கடைக்கு மொத தடவ போறீங்களா? சாஸ் பாட்டில தொடாம மூணு ஸ்பூன் குடிங்க

போன மாசம் சித்தப்பாவ கண்ணு காட்ட பெங்களூர் கூட்டிட்டு போயிருந்தேன், காலைல அஞ்சரைக்கு கிருஷ்ணகிரில பஸ் ஏறினது, ஆஸ்பத்திரில டோக்கன், சொட்டு மருந்து, டெஸ்ட்டுன்னு எல்லாம் முடிய மத்தியானம் ரெண்டரை. அவருக்கு சோறு வேணாமாம், பிரியாணி வேணாமாம், “சூடா தண்ணியா ஏதாவது இருந்தா பாரு டா”ன்னாரு. பக்கத்து தெருவுலயே ஒரு சின்ன வியட்நாம் கடை, எட்டு டேபிள் தான் இருக்கும், நான் ஏற்கனவே சாப்பிட்ட எடம், சரி வாங்கன்னு உக்கார வச்சிட்டேன். சித்தப்பா யாருன்னு சொல்லிடறேன், கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல ஆட்டுக்கால் சூப் வண்டி போட்டவரு, இப்ப முடியல, வண்டிய தம்பி பாத்துக்கறான். ஃபோ, அதாவது எலும்பு சூப் ஊத்தின அரிசி நூடுல்ஸ், பவுல்ல வந்துச்சு. ஒரு ஸ்பூன் வாயில வச்சாரு, ஒண்ணும் பேசல. ரெண்டாவது ஸ்பூன். அப்பறம் சொன்னாரு, “அன்னாசிப்பூ தூக்கலா இருக்கு, பட்டை இருக்கு, இஞ்சிய தணல்ல சுட்டு போட்டிருக்கான், எலும்பு ராத்திரி பூரா கெடந்திருக்கு, ஆனா தளதளன்னு கொதிக்க விடல, விட்டிருந்தா இவ்ளோ தெளிவா வராது.”

பேரு கூட தெரியாத ஒரு சாப்பாட்ட ரெண்டே ஸ்பூன்ல அவரு புரிஞ்சிகிட்டாரு. அதே கடையில பக்கத்து டேபிள்ல நாலு பசங்க, பவுல் வந்த நிமிஷமே செவப்பு சாஸ் கறுப்பு சாஸ் ரெண்டையும் ஊத்தி கலக்கி, ரெண்டு வாய் சாப்பிட்டு, “என்னடா இது சப்புனு இனிப்பா இருக்கு”ன்னு பாதிய வச்சிட்டு போனாங்க. எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு, அந்த சூப் அப்படி இல்ல, அவங்க சூப்ப குடிக்கவே இல்ல. அதான் இத எழுதறேன். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துல இருந்து சனி ஞாயிறு பெங்களூர் போறவங்க, அங்க வேலை பாக்குற புள்ளைங்கள பாக்க போற அப்பா அம்மாங்க, இந்த மாதிரி கடைக்குள்ள போனா எப்படி சாப்பிடறதுன்னு தெரிஞ்சிட்டு போகட்டும்.

எனக்கு எப்படி தெரியும்னா, 2019ல ஓசூர்ல நான் வேலை பாத்த கம்பெனில இருந்து மூணு மாசம் வியட்நாம் அனுப்பினாங்க, சைகோன் பக்கத்துல பின் யூங்னு ஒரு ஏரியா, முழுக்க ஃபேக்டரி. அங்க இது காலை டிபன். நம்ம ஊர்ல ஆறு மணிக்கு இட்லி கடைல கூட்டம் நிக்கிற மாதிரி, அங்க பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்து ஆளுக்கு ஒரு பவுல் ஃபோ குடிச்சிட்டு ஷிப்டுக்கு போவாங்க. மூணு மாசமும் என் காலை சாப்பாடு பெரும்பாலும் இதான்.

மொதல்ல பேரு. நாம எல்லாரும் ஃபோன்னு தான் சொல்றோம், நானும் இங்க அப்படியே எழுதறேன், ஆனா அவங்க சொல்றது ஃபோ இல்ல, ‘ஃப’ன்னு ஆரம்பிச்சு, யாரையாவது சந்தேகமா கேள்வி கேக்குற மாதிரி குரல கொஞ்சம் கீழ எறக்கி மேல தூக்கணும். சரியா வரலன்னா பரவால்ல, பெங்களூர் கடைல யாரும் அத வச்சி உங்கள எடை போட மாட்டாங்க.

என்ன சாப்பாடு இது? பட்டையான அரிசி நூடுல்ஸ், மேல கறி, வெங்காயத்தாள், கொத்தமல்லி, அது மேல சூடா எலும்பு சூப். அரிசி மாவுல செஞ்சதுதான், மைதா இல்ல, நம்ம சேவையோட அண்ணன்னு வச்சிக்கங்க, ஆனா உருண்டையா இல்லாம நாடா மாதிரி இருக்கும். வட வியட்நாம்ல ஹனோய், நாம் டின் பக்கம் நூறு நூத்தியிருபது வருஷம் முன்ன ஆரம்பிச்சதுங்கறாங்க. பிரெஞ்சுக்காரங்க ஆட்சில மாட்டுக்கறி வெட்டறது அதிகமாச்சு, எலும்பு மிச்சமாச்சு, அத வேக வச்சி நூடுல்ஸ் மேல ஊத்தி வித்தாங்க. அப்பல்லாம் கடை கெடையாது, தோள்ல காவடி மாதிரி ஒரு கம்பு, ஒரு பக்கம் அடுப்பும் சூப் பானையும், இன்னொரு பக்கம் பவுலும் நூடுல்ஸும், தெரு தெருவா சுத்தி வித்திருக்காங்க. 1954ல நாடு வடக்கு தெற்குன்னு ரெண்டானப்போ வடக்குல இருந்து எட்டு லட்சம் பேருக்கு மேல தெற்க போனாங்க, அவங்களோட ஃபோவும் போச்சு. தெற்குல போய்தான் இந்த இலை தட்டு, மொளகட்டின பயறு, இனிப்பு சாஸ் எல்லாம் பெருசா சேந்துச்சு. ஹனோய்ல இன்னைக்கும் சிம்பிளா குடுப்பாங்க, பூண்டு ஊறின வினிகர், பச்சமொளகா, அவ்ளோதான். ஒரு கடைல இலை தட்டு பெருசா வருது இன்னொரு கடைல வரவே இல்லன்னா ஏமாத்தறாங்கன்னு நெனைக்காதீங்க, ஊர் வழக்கம் வேற.

இப்ப மெனு. பேரெல்லாம் பயமுறுத்தும், ஆனா நாலஞ்சு வார்த்தை தெரிஞ்சா போதும். ‘போ’ன்னா மாடு, ‘கா’ன்னா கோழி, ‘சாய்’னா சைவம். மாட்டுக்கறி சாப்பிடறவங்களுக்கு உள்ளயே வகை இருக்கு: ‘தாய்’னா பச்சையா மெல்லிசா சீவின கறி, மேல கொதிக்கிற சூப் ஊத்தறப்பவே வெந்துடும், ‘சின்’னா ஏற்கனவே நல்லா வெந்த நெஞ்சுக்கறி, அப்பறம் நரம்பு, குடல்னு தனித்தனியா கேக்கலாம், குடல் வறுவல் புடிச்சவங்க கண்டிப்பா குடல் சேத்து கேளுங்க, மொறுமொறுன்னு கடிபடும். கர்ப்பமா இருக்கறவங்க, சின்ன பசங்க, வயசானவங்களுக்கு அந்த பச்சை கறி வேணாம், வெந்ததே வாங்குங்க. மாடு சாப்பிடாதவங்க தயங்கவே வேணாம், கோழி ஃபோ ஒண்ணும் கொறஞ்சது இல்ல, 1930கள் கடைசில ஹனோய்ல வாரத்துல ரெண்டு நாள் மாட்டுக்கறி விக்க முடியாம போனப்போ வந்ததுன்னு சொல்வாங்க. ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க, “கோழி ஃபோக்கு சூப் கோழி எலும்புல செஞ்சதா, இல்ல ஒரே சூப்தானா?”ன்னு. சில கடைல எல்லாத்துக்கும் ஒரே பானைதான், கறி மட்டும் மாத்தி வைப்பாங்க. கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

சைவக்காரங்களுக்கு ரொம்ப முக்கியமா சொல்றேன். வெஜ் ஃபோன்னு போட்டிருந்தா மட்டும் நம்பி சாப்பிடாதீங்க. வியட்நாம் சமையல்ல உப்புக்கு பதிலா மீன் சாஸ் ஊத்துவாங்க, நெத்திலி மாதிரி சின்ன மீன உப்புல மாசக்கணக்கா ஊற வச்சி வடிக்கிற தண்ணி. பாக்க டீ கலர்ல தெளிவா இருக்கும், சூப்ல கலந்தா கண்டே புடிக்க முடியாது. “மீன் சாஸ் போடாம குடுப்பீங்களா, சூப் காய்கறில செஞ்சதா?”ன்னு ரெண்டு கேள்வியும் தனித்தனியா கேளுங்க. எங்க அம்மா சைவம், அவங்கள ஒரு கடைக்கு கூட்டிட்டு போய் வெஜ்னு தான் வாங்கினேன், பாதி சாப்பிட்ட அப்பறம் கேட்டா “சூப் சிக்கன் தான் சார், டாப்பிங் தான் வெஜ்”ங்கறாங்க. அம்மா அன்னைக்கு ராத்திரி வரைக்கும் ஒண்ணும் சாப்பிடல. அந்த நெலமை உங்களுக்கு வேணாம். வியட்நாம்ல நல்ல சைவ கடைங்க நெறைய இருக்கு தெரியுமா, அங்க புத்த மதத்துக்காரங்க நெறைய பேர் அமாவாசை ஒட்டியும் பௌர்ணமிக்கும் கறி தொட மாட்டாங்க, அந்த நாள்ல சாய் கடைல எடமே கெடைக்காது, நம்ம வீட்ல அமாவாசைக்கு மசாலா வாசம் வராத மாதிரியே தான்.

ஆர்டர் பண்ணும்போது ஆளுக்கு ஒண்ணு. இது பிரியாணி மாதிரி ஒண்ணு வாங்கி ரெண்டு பேர் பிரிச்சிக்கற சாப்பாடு இல்ல, பிரிச்சா சூப் ஆறிடும், அதோட கதை முடிஞ்சுது. சின்ன சைஸ் இருந்தா அத வாங்குங்க. வெலை பெங்களூர்ல நான் சாப்பிட்ட கடைங்கள்ல 400, 500 ரூபா ஆகுது, நம்ம ஊர் கணக்குக்கு ஜாஸ்திதான், அதனாலயே தான் சரியா சாப்பிடணும்னு சொல்றேன்.

பவுல் வந்துருச்சு. இப்ப கைய கட்டிக்கோங்க.

மொதல்ல மூஞ்சிய கிட்ட கொண்டு போய் ஆவி புடிக்கிற மாதிரி மோந்து பாருங்க. அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, பெரிய கறுப்பு ஏலக்கா, தனியா, சோம்பு, எல்லாம் நம்ம வீட்டு மசாலா டப்பால இருக்கறதுதான், ஆனா நம்ம மாதிரி அரைச்சி போட மாட்டாங்க, வறுத்து துணில கட்டி உள்ள விட்டுடுவாங்க. வெங்காயத்தையும் இஞ்சியையும் தோலோட நெருப்புல கருக சுட்டு, கருகினத கழுவிட்டு போடுவாங்க, அந்த பொன் நெறமும் லேசான பொகை வாசமும் அதுல வர்றது. எலும்ப மொதல்ல ஒரு கொதி விட்டு அந்த தண்ணிய கொட்டிடணும், திரும்ப புது தண்ணி ஊத்தி, நொரைய எடுத்துட்டே, சின்ன தீயில ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம், சில எடத்துல ராத்திரி பூரா. கடைசில கொஞ்சம் கல்கண்டு. அதனாலதான் அடியில ஒரு இனிப்பு தெரியும், அது சர்க்கரைய கொட்டினது இல்ல, எலும்பும் வெங்காயமும் சேந்து குடுக்கற இனிப்பு, கல்கண்டு கொஞ்சம் தூக்கி விடும்.

அந்த சூப்ப, வேற எதுவும் போடாம, மூணு ஸ்பூன் குடிங்க. மொத ஸ்பூன்ல சூடு மட்டும் தான் தெரியும். ரெண்டாவதுல உப்பு எவ்ளோன்னு தெரியும். மூணாவதுல தான் மசாலா வரும். இந்த மூணு ஸ்பூன் குடிச்சா தான் இதுக்கு எலுமிச்ச வேணுமா, காரம் வேணுமா, ஒண்ணுமே வேணாமான்னு உங்களுக்கே தெரியும். கடைக்கு கடை சூப் வேற, நேத்து அந்த கடைல ரெண்டு துண்டு எலுமிச்ச புழிஞ்சேன்னு இன்னைக்கு இங்கயும் புழியக் கூடாது.

நான் கத்துக்கிட்டது எப்படின்னா, வியட்நாம் போன மொத வாரம், அந்த பசங்க மாதிரியே நானும் ரெண்டு சாஸையும் வட்டமா ஊத்தி, மூணு எலுமிச்ச புழிஞ்சி, கலக்கிட்டு இருந்தேன். கடை வச்சிருந்தது ஒரு பாட்டி, எழுவது வயசு இருக்கும், பாத்துட்டே இருந்தாங்க. ஒண்ணும் சொல்லல. உள்ள போய் ஒரு சின்ன கிண்ணத்துல வெறும் சூப், மேல நாலு வெங்காயத்தாள், கொண்டாந்து என் முன்னாடி வச்சிட்டு ஸ்பூன என் கையில குடுத்தாங்க. குடிச்சேன். அப்பதான் அவ்ளோ நேரம் நான் எத மூடி வச்சிட்டேன்னு தெரிஞ்சுது. அடுத்த நாள்ல இருந்து மூணு ஸ்பூன் குடிக்கற வரைக்கும் பாட்டில் பக்கமே கை போகல.

அப்பறம் இலை தட்டு. இதுல செவப்பு ஊதா கலர் தண்டோட ஒரு துளசி இருக்கும், ஒரு இலைய கிள்ளி கசக்கி மோந்து பாருங்க, எங்கயோ மோந்த மாதிரி இருக்கும். நம்ம திருநீத்துப்பச்சிலை, சப்ஜா வெதை எடுக்கற செடி, அதோட வகைதான் இது, சோம்பு வாசம் மட்டும் கொஞ்சம் தூக்கல். எங்க பாட்டி வீட்ல கெணத்தடில மண்டி கெடக்கும், இத சாப்பாட்டுல போடலாம்னு எங்க யாருக்கும் தோணினதே இல்ல. இன்னொண்ணு நீட்டமா ரம்பப் பல்லு மாதிரி ஓரத்தோட ஒரு இலை, அது கொத்தமல்லி வாசம், ஆனா நம்ம மல்லிய விட காட்டமா இருக்கும். பெங்களூர்ல எல்லா கடைலயும் இது கெடைக்காது. அப்பறம் மொளகட்டின பாசிப்பயறு, நீள நீளமா வெள்ளையா இருக்கும், எலுமிச்ச, செவப்பு மொளகா.

இலைய தண்டோட அப்படியே உள்ள போடாதீங்க, இலைய மட்டும் கிள்ளி, பெருசா இருந்தா ரெண்டா கிழிச்சி, கொஞ்சம் கொஞ்சமா போடுங்க. எல்லாத்தையும் ஒரே தடவ போட்டா கருத்து தொவண்டு போயிடும், கூட அந்த குளிர்ச்சியில சூப்பும் ஆறிடும். நாலு வாய்க்கு ஒரு தடவ ரெண்டு இலை, அப்படித்தான். பயறு மட்டும் மொதல்லயே போட்டு நூடுல்ஸுக்கு அடியில தள்ளிடுங்க, சூட்டுல வேகட்டும். பச்சை பயறு வயித்துக்கு ஒத்துக்காதவங்க “வெந்நில போட்டு எடுத்து குடுங்க”ன்னு கேளுங்க, செஞ்சி குடுப்பாங்க. எலுமிச்ச ஒரு துண்டு மட்டும், அதுவும் பாதி சாப்பிட்டதுக்கு அப்பறம்.

நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு புளி இல்லாம எறங்காது, தெரியும், புளியமரத்து ஊர்ல பொறந்தவங்க நாம. ஆனா ஃபோவுல புளிப்பு பின்னாடி இருக்கணும், முன்னாடி வரக் கூடாது. புளி வேணும்னா அவங்க கிட்டயே கான் சுவான்னு புளி ஊத்தி அன்னாசிப்பழம் தக்காளி போட்ட மீன் சூப் இருக்கு, மெனுல இருந்தா அத தனியா வாங்குங்க, ஒகேனக்கல் மீன் கொழம்பு சாப்பிட்டு வளந்தவங்களுக்கு நல்லாவே புடிக்கும்.

சாஸ் ரெண்டும் எதுக்குன்னா, பவுல்ல ஊத்த இல்ல, பக்கத்துல சின்ன தட்டுல ஊத்தி கறிய தொட்டுக்க. கறுப்பா கெட்டியா இருக்கறது சோயா பீன்ஸ்ல செய்றது, இனிக்கும். செவப்பு மொளகா பூண்டு சாஸ். ரெண்டையும் பக்கத்து பக்கத்துல ஒரு ஸ்பூன் அளவு ஊத்திக்கோங்க, கறி துண்ட எடுத்து ரெண்டுலயும் ஓரமா தொட்டு வாயில போட்டு, ஒடனே ஒரு ஸ்பூன் சூப். சைகோன்ல பவுல்லயே ஊத்திக்கறவங்களும் இருக்காங்க, அது தப்புன்னு நான் சொல்லல, ஆனா மொத பவுல்லயே வேணாம். காரம் பத்தலன்னா சாஸ விட அந்த மொளகா துண்டு ரெண்டு போடுங்க, சூப் கலங்காது.

சாப்ஸ்டிக் வலது கை, ஸ்பூன் இடது கை. சாப்ஸ்டிக்ல நூடுல்ஸ கொஞ்சமா தூக்கி ஸ்பூன்ல வச்சி, அதுல ஒரு துண்டு கறி, ஒரு இலை, கொஞ்சம் சூப், அப்படியே வாயில. சாப்ஸ்டிக் வரலன்னா ஃபோர்க் கேளுங்க, கூச்சமே வேணாம், சித்தப்பா ஃபோர்க்ல தான் சாப்பிட்டாரு, பவுல் காலி. உறிஞ்சற சத்தம் வந்தா வரட்டும், சூடா இருக்கறத வேற எப்படி சாப்பிடறது. ஒண்ணு மட்டும் செய்யாதீங்க, சாப்ஸ்டிக்க பவுல்ல நெட்டுக்குத்தலா சொருகி வைக்காதீங்க, அது செத்தவங்களுக்கு ஊதுவத்தி ஏத்தி வைக்கிற மாதிரி, அவங்களுக்கு மனசு சங்கடப்படும். பவுல் மேல படுக்க வைங்க.

வேகமா சாப்பிடணும், இது முக்கியம். போட்டோ எடுக்கறதுன்னா ஒண்ணு எடுத்துட்டு மொபைல கீழ வச்சிடுங்க. அரிசி நூடுல்ஸ் சூப்ப குடிச்சிட்டே இருக்கும், பத்து நிமிஷத்துல உப்பி கொழகொழன்னு ஆயிடும், சூப்பும் கொறஞ்சிடும். களி மாதிரி தான், சூடு இருக்கும்போதே உள்ள போயிடணும், பேசிட்டே சாப்பிட்டா தொண்டைல நிக்கும். பேச்செல்லாம் காப்பி வந்த அப்பறம்.

காப்பின்னதும் சொல்லிடறேன், மெனுல வியட்நாம் காப்பி இருந்தா விடாதீங்க, அடியில கண்டென்ஸ்டு மில்க், மேல சொட்டு சொட்டா எறங்கற டிகாஷன், ஐஸ். நம்ம ஃபில்டர் மாதிரியே ஒரு சின்ன டப்பா, டம்ளர் மேல உக்காந்திருக்கும். ஃபோவுக்கு முன்னாடி ஏதாவது வேணும்னா அரிசி அப்பளத்துல காய், இறால் சுத்தின ரோல் வாங்கலாம், எண்ணெய்ல பொரிக்காதது, கூட வர்ற சட்னி மாதிரி சாஸ்ல வேர்க்கடலை இருக்கும், ஒத்துக்காதவங்க பாத்துக்கோங்க. ஃபோ பழகின அப்பறம் பூன் போ ஹுவேன்னு ஒண்ணு இருக்கு, ஹுவே ஊரு, எலுமிச்சம்புல் வாசம், நல்ல காரம், நூடுல்ஸ் உருண்டையா நம்ம சேவை மாதிரியே. நம்ம நாக்குக்கு அதுதான் கிட்ட வரும், ஆனா அதுல பன்னியும் இறால் பேஸ்ட்டும் இருக்கும், கேட்டுட்டு வாங்குங்க.

அங்க கடைல கூப்பிடறது எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம், சர் மேடம் எல்லாம் கெடையாது, வயசு பாத்து தம்பி தங்கச்சின்னா “எம் ஒய்”, அண்ணன்னா “ஆன் ஒய்”, அக்கான்னா “சி ஒய்”. நம்ம ஊர் டீக்கடை மாதிரியே. சைகோன்ல பென் தான் மார்க்கெட் பக்கத்துல ஒரு மாரியம்மன் கோயில் இருக்கு, நம்ம ஆளுங்க அந்த காலத்துல கட்டினது, ஞாயித்துக்கெழம அங்க போய் கும்பிட்டுட்டு வெளிய வந்து “சி ஒய்”னு கூப்பிட்டு ஒரு ஃபோ குடிப்பேன், ஊர் ஞாபகம் கொஞ்சம் அடங்கும். பெங்களூர் கடைல “அண்ணா”ன்னாலே திரும்பி பாப்பாங்க.

பார்சல் வாங்கறதுன்னா இத கவனமா படிங்க. சித்தப்பா சித்திக்கு ஒண்ணு வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு, கிருஷ்ணகிரி வர ரெண்டு ரெண்டரை மணி நேரம், எலக்ட்ரானிக் சிட்டில டிராபிக்னா இன்னும் கூட. சூப் தனி, நூடுல்ஸ் தனி, கறி தனி, இலை தனின்னு நாலா கட்ட சொல்லணும், ஒண்ணா ஊத்தி குடுத்தா அத்திப்பள்ளி தாண்டறதுக்குள்ள கூழ் ஆயிடும். பச்சை கறி வகைய பஸ்ல எடுத்துட்டு வரவே கூடாது, வெந்த கறி மட்டும். வீட்டுக்கு வந்ததும் சூப்ப நல்லா தளதளன்னு கொதிக்க விடுங்க, கறியையும் அதுலயே போட்டு ஒரு கொதி. நூடுல்ஸ் கட்டியா ஒட்டிட்டு இருக்கும், பிச்சி எடுக்காதீங்க, வேற பாத்திரத்துல வெந்நி வச்சி அரை நிமிஷம் முக்கி எடுத்தா தானா பிரிஞ்சிடும், தண்ணிய நல்லா வடிச்சி பவுல்ல போட்டு மேல சூப் ஊத்துங்க. சூப் கொஞ்சம் மிச்சம் இருந்தா ஃப்ரிட்ஜ்ல வைங்க, சித்தி அடுத்த நாள் காலைல அத சுட வச்சி சூடான ராகி களிக்கு ஊத்தினாங்க, ரெண்டு பச்சமொளகா கீறி போட்டு, சித்தப்பா ரெண்டு உருண்டை சாப்பிட்டாரு. ஆனா எலுமிச்ச புழியறதுக்கு முன்னாடியே அந்த மிச்ச சூப்ப தனியா எடுத்து வச்சிடணும், புழிஞ்சத மறுபடி கொதிக்க வச்சா கசக்கும்.